இருமலுக்கு அல்ல, மூச்சுக்குக் காது கொடுங்கள்

ரொறன்ரோவில் சின்னப் பிள்ளைகளை வளர்க்கும் தமிழ்ப் பெற்றோருக்கும், அந்தப் பிள்ளைகளை இரவு பகலாகப் பார்த்துக்கொள்ளும் அம்மம்மா, அப்பம்மா, தாத்தாமாருக்கும்,



இலையுதிர் காலம் தொடங்கிவிட்டது. டேகெயாரில் ஒரு பிள்ளைக்கு மூக்கு ஓடினால், அந்தக் கிழமை முடிவதற்குள் அந்த அறையில் இருக்கும் பிள்ளைகளில் பாதிப் பேருக்குத் தடிமன். பெரும்பாலான வீடுகளில் அது தடிமனாகவே வந்து தடிமனாகவே போய்விடும். சில வீடுகளில் மட்டும், பகல் முழுக்க ஓடி விளையாடிய பிள்ளை நடுச்சாமத்தில் எழும்பி, நாய் குரைப்பதுபோல இருமும். குரல் கம்மிப்போய் அழுகைகூடச் சரியாக வெளியே வராது. மூச்சை உள்ளே இழுக்கும்போது தொண்டையில் கரகரவென்றோ கீச்சென்றோ ஒரு சத்தம் கேட்கும். இந்த நோய்க்கு குரூப் என்று பெயர். ஆறு மாதத்துக்கும் மூன்று வயதுக்கும் இடைப்பட்ட பிள்ளைகளுக்குத்தான் இது அதிகம் வரும், அதிலும் இரண்டாவது வயதில். ஆண் பிள்ளைகளுக்குச் சற்றுக் கூடுதலாக வரும்.

இந்த நகரத்தில் பிள்ளைகளைப் பார்க்கும் தாதியாக இரவு வேலை செய்கிறவள் நான். குரூப் வந்த பிள்ளைகளைத் தூக்கிக்கொண்டு ஓடிவரும் எங்கள் ஆட்களின் முகங்களை நன்றாக அறிவேன். அவர்களில் ஒரு பகுதியினர், வீட்டிலேயே மருந்தில்லாமல் அடங்கியிருக்கக்கூடிய இருமலுக்குப் பதறி அடித்து வருகிறார்கள். இன்னொரு பகுதியினர், உடனே வந்திருக்க வேண்டிய பிள்ளையை விடியும்வரை ஆவி பிடிக்கவைத்துவிட்டுப் பிந்தி வருகிறார்கள். இரு பகுதியினருக்கும் பிள்ளைமேல் உள்ள அன்பில் ஒரு குறையும் இல்லை. எதைப் பார்த்துப் பயப்பட வேண்டும் என்பதை ஒருவரும் அவர்களுக்கு அவர்களுடைய மொழியில் ஆறுதலாக இருந்து சொல்லவில்லை. அதற்காகத்தான் இந்த மடல்.

குரூப்பை உண்டாக்குவது வைரஸ். முதல் இடம் பாராஇன்ஃபுளுவென்சா என்ற வைரஸ் கூட்டத்துக்கு, அதிலும் அதன் முதலாவது வகைக்கு. ஆர்எஸ்வி, இன்ஃபுளுவென்சா, அடினோ வைரஸ், சாதாரணத் தடிமனைத் தரும் ரைனோ வைரஸ் ஆகியவையும் இதைச் செய்யும். கோவிட்டின் ஒமிக்ரோன் வகை 2021 டிசம்பரில் பரவத் தொடங்கியபோது, வட அமெரிக்காவின் பிள்ளைகள் வைத்தியசாலைகளில் கோவிட்டால் வந்த குரூப்பையும் பார்த்தோம். பெரியவர்களுக்கும் இதே வைரஸ்கள் தொற்றும். எங்களுக்கு அது மூக்கடைப்போடும் கம்மிய குரலோடும் நின்றுவிடும். ஆகவே வீட்டில் யாருக்கோ இருந்த "சும்மா தடிமன்"தான் பல வேளைகளில் குழந்தைக்கு குரூப்பாக மாறுகிறது.

ஒரே வைரஸ் பெரியவருக்குத் தொண்டைக் கம்மலாகவும் குழந்தைக்கு மூச்சுத் திணறலாகவும் இருப்பது ஏன்? குரல்நாண்களுக்குச் சற்றுக் கீழே, மூச்சுக்குழாயின் வாசலில், மோதிரம்போல முழுவதும் மூடிய ஒரு குருத்தெலும்பு வளையம் இருக்கிறது. விரல் வீங்கினால் மோதிரம் விரிந்து கொடுக்காது. அதுபோல அந்த வளையமும் விரியாது. உள்ளே சவ்வு வீங்கினால் அந்த வீக்கம் மூச்சுப்பாதைக்குள்தான் தள்ளும். ஒரு குழந்தையின் மூச்சுப்பாதை அந்த இடத்தில் 4 மில்லிமீற்றர் விட்டம் என்று வைத்துக்கொள்ளுங்கள். சுற்றிவர 1 மில்லிமீற்றர் வீங்கினால் மிஞ்சுவது 2 மில்லிமீற்றர். காற்றுப் போகிற பரப்பில் முக்கால் பங்கு போய்விட்டது. மூச்சு இழுப்பதற்கான தடை 16 மடங்காகிறது, குழந்தை அழுது மூச்சு வேகமெடுத்தால் அதற்கும் மேலே போகும். 8 மில்லிமீற்றர் உள்ள பெரியவருக்கு அதே வீக்கம் வந்தால் தடை மூன்று மடங்கு மட்டும்தான். அதனால்தான் எங்களுக்குக் குரல் அடைக்கிறது, பிள்ளைக்கு மூச்சு அடைக்கிறது.

வைரஸ் என்று இவ்வளவு அழுத்திச் சொல்வதற்கு இன்னுமொரு காரணம் இருக்கிறது. எமெர்ஜென்சியின் காத்திருப்பு அறையில் நான் அடிக்கடி கேட்கிற கதை இது: "நேற்று யோகட் குடுத்தனீயெல்லோ." "தலை ஈரத்தோட படுக்க விட்டிருப்பாய்." "வாழைப்பழம் வேண்டாம் எண்டு அப்பவே சொன்னனான்." பிள்ளையை மடியில் வைத்துக்கொண்டு ஒரு இளம் தாய் தலைகுனிந்து இவற்றைக் கேட்டுக்கொண்டிருப்பாள். மாமிமாரே, அம்மாமாரே, உங்கள் பதற்றம் எனக்கு விளங்குகிறது. ஆனால் வாழைப்பழம் குரூப்பைத் தருவதில்லை. யோகட்டும் தருவதில்லை, ஈரத்தலையும் தருவதில்லை. இருமிய ஒருவரின் எச்சில் துளியில் இருந்தோ, மூக்கைத் துடைத்த கையில் இருந்தோ வைரஸ் வந்தது. பொதுவாக இரண்டு நாளில் இருந்து ஆறு நாளுக்குள் அது தன் வேலையைக் காட்டும். அந்தத் தாய் ஒரு பிழையும் விடவில்லை. அந்த நேரத்தில் அவளுக்குத் தேவை பிள்ளையின் உடுப்புப் பையைத் தூக்கிக்கொள்ள ஒரு கை.

குரூப்பைத் தரும் வைரஸைக் கண்டறிந்த கதையில் எங்கள் நகரத்துக்கும் பங்கு உண்டு. அமெரிக்காவில் ரொபேர்ட் சானொக் 1956இல் குரூப் வந்த குழந்தைகளிடமிருந்து ஒரு வைரஸைப் பிரித்தெடுத்தார். சிறிது காலத்தில் ரொறன்ரோவிலும் பீல், ரோட்ஸ் ஆகியோர் அடங்கிய ஆய்வாளர் குழு, குரூப் வந்த பிள்ளைகளின் மூச்சுப்பாதையிலிருந்து வைரஸ்களைப் பிரித்து, 1958இல் பிரிட்டிஷ் மெடிக்கல் ஜேர்னலில் வெளியிட்டது. 1960களின் தொடக்கத்தில் டொனால்ட் மக்லீனும் அவரது சகாக்களும் ரொறன்ரோப் பிள்ளைகளின் குரூப்பையும் அதற்குக் காரணமான வைரஸ்களையும் ஆண்டுக்கு ஆண்டு தொடர்ந்து பதிவு செய்தார்கள். பின்னர், ஒன்ராறியோ வைத்தியசாலைகளில் 1988 முதல் 2002 வரை குரூப்புக்காக அனுமதிக்கப்பட்ட பிள்ளைகளின் கணக்கை ஆராய்ந்தபோது ஒரு ஒழுங்கு தெரிந்தது. ஒரு ஆண்டு விட்டு ஒரு ஆண்டு, இலையுதிர் காலத்தின் நடுவில், எண்ணிக்கை உச்சத்துக்கு ஏறியது. பாராஇன்ஃபுளுவென்சாவின் முதலாவது வகை நடமாடும் ஒழுங்கும் அதுவேதான்.

இதைவிடப் பழைய கதை ஒன்றும் உண்டு. நூறு ஆண்டுகளுக்கு முன் இந்த ஊரில் பிள்ளைக்குத் தொண்டை அடைத்து மூச்சு இழுத்தால் தாய்மார் முதலில் பயந்தது டிப்தீரியாவுக்கு. தொண்டையில் சவ்வுபோலப் படர்ந்து பிள்ளைகளைக் கொன்ற நோய் அது. ஜோன் ஃபிற்ஸ்ஜெரால்ட் என்ற வைத்தியர் ரொறன்ரோவின் பார்ட்டன் அவெனியூவில் ஒரு வீட்டின் பின்வளவுக் குதிரை லாயத்தில் டிப்தீரியாவுக்கான எதிர்மருந்தைத் தயாரிக்கத் தொடங்கினார். அதுவே பின்னர் கொனோட் ஆய்வுகூடமாக வளர்ந்தது. டிப்தீரியாத் தடுப்பூசி பெருந்தொகையான பிள்ளைகளைக் காக்கும் என்பதை 1920களில் காட்டிய நகரங்களில் ரொறன்ரோவும் ஒன்று. இன்று ஒன்ராறியோவில் இரண்டு, நான்கு, ஆறு, பதினெட்டு மாதங்களில் பிள்ளைக்குப் போடும் ஊசியில் டிப்தீரியாவுக்கான காப்பும் இருக்கிறது, தொண்டை மூடியை வீங்கச்செய்து மூச்சை நிறுத்தும் ஹிப் கிருமிக்கான காப்பும் இருக்கிறது. அந்த இரண்டு பயங்கரங்களும் எங்கள் பிள்ளைகளிடமிருந்து விலகி நிற்பதற்குக் காரணம் அந்த ஊசிகள். அவற்றைத் தவறவிடாதீர்கள்.

இனி அம்மம்மாமாருக்கும் அப்பம்மாமாருக்கும் தனியாக ஒன்று. சட்டியில் கொதிக்கக் கொதிக்கத் தண்ணீர் வைத்து, நொச்சியோ யூகலிப்டஸ் எண்ணெயோ விட்டு, பிள்ளையை மடியில் இருத்தித் துவாயால் மூடி ஆவி பிடிக்கவைப்பது எங்கள் கை பழகிய வைத்தியம். இருமல் என்றவுடன் உங்கள் கால் அடுப்படிக்குப் போவதில் வியப்பில்லை. இந்த நாட்டு வைத்தியசாலைகளும் பல பத்தாண்டுகளாக குரூப் வந்த பிள்ளைகளை ஈரக்காற்றுக் கூடாரங்களுக்குள் படுக்கவைத்தன. உங்கள் நம்பிக்கையே அவர்களின் நம்பிக்கையாகவும் இருந்தது.

அந்த நம்பிக்கையை இதே நகரத்தில் வைத்தே சோதித்தார்கள். சிக் கிட்ஸ் வைத்தியசாலையின் அவசர சிகிச்சைப் பிரிவுக்கு குரூப்போடு வந்த 140 பிள்ளைகளை மூன்று பகுதியாகப் பிரித்தார்கள். ஒரு பகுதிக்கு, குரல்வளையில் போய்ப் படியும் அளவுக்கு நுணுக்கிய நீர்த்துளிகளோடு 100 சதவீத ஈரக்காற்று. இன்னொரு பகுதிக்கு 40 சதவீத ஈரக்காற்று. மூன்றாவது பகுதிக்கு முகத்தருகே பிடிக்கும் வழக்கமான நீர்ப்புகைக் குழாய். முடிவு 2006இல் அமெரிக்க மருத்துவச் சங்கத்தின் சஞ்சிகையில் வந்தது. மூன்று பகுதிகளுக்கும் இடையில் வித்தியாசம் இல்லை. அவ்வளவு துல்லியமாகக் கொடுத்த ஈரம் செய்யாததைச் சட்டித் தண்ணீரின் ஆவி செய்யும் என்று நம்ப எனக்கு வழி தெரியவில்லை. ஆவியால் வரும் கெடுதி மட்டும் நிச்சயம். பிள்ளை திமிறி ஒரு காலை உதைத்தால் சட்டி கவிழும். வெந்த தோலோடு வரும் குழந்தைக்குக் கட்டுப்போடுவது எவ்வளவு வேதனை என்பதை நான் எழுத விரும்பவில்லை. மூடிய துவாய்க்குள் பிள்ளை பயந்து அழும். அழ அழ மூச்சு இன்னும் இறுகும். விடியும்வரை ஆவி பிடிப்பதில் போகிற மணித்தியாலங்களும் இருக்கின்றன, அந்த நேரத்தில் உண்மையான மருந்து வேலை செய்யத் தொடங்கியிருக்கும். ஆகவே உங்களைக் கைகூப்பிக் கேட்கிறேன். குரூப் வந்த பிள்ளைக்கு ஆவி பிடிக்கவைக்காதீர்கள்.

அதற்குப் பதிலாக வேறொன்று செய்யலாம், அது உங்கள் நம்பிக்கைக்கு நேர் எதிரானதாகத் தோன்றும். பனிக்குள் பிள்ளையைக் கொண்டுபோகாதே என்பது எங்கள் வீடுகளின் சட்டம். ஆனால் குரூப்புக்குக் குளிர் காற்று உதவுகிறது. ஜெனீவாவில் 118 பிள்ளைகளை வைத்துச் செய்த ஆய்வு 2023இல் வெளியானது. எல்லோருக்கும் மருந்து கொடுத்துவிட்டுப் பாதிப் பேரை 10 பாகைக்குக் குறைந்த வெளிக்காற்றில் அரை மணித்தியாலம் வைத்திருந்தார்கள், மற்றப் பாதியை அறைக்குள் வைத்திருந்தார்கள். வெளியே இருந்தவர்களில் ஏறத்தாழ பாதிப் பேருக்கும் உள்ளே இருந்தவர்களில் கால்வாசிப் பேருக்கும் அந்த அரை மணித்தியாலத்தில் நல்ல தேறுதல் தெரிந்தது. ரொறன்ரோவில் குளிர் காற்றுக்குப் பஞ்சமில்லை. பிள்ளையைப் போர்வையால் நன்றாகச் சுற்றி, தொப்பி போட்டு, மார்போடு அணைத்துக்கொண்டு பல்கனியிலோ வாசலிலோ சில நிமிடம் நில்லுங்கள். கடும் பனி என்றால் யன்னலைத் திறந்து அதன் அருகே நில்லுங்கள். முகம் மட்டும் வெளியே இருந்தால் போதும். இது மருந்துக்கு மாற்று அல்ல, மருந்து கிடைக்கும்வரைக்கும் ஒரு கைத்துணை.

இப்போது இந்த மடலின் முக்கியமான இடத்துக்கு வருகிறேன். இருமல் எவ்வளவு பயங்கரமாகக் கேட்டாலும், நோயின் கடுமையை அது காட்டாது. நன்றாகக் குரைத்து இருமுகிற பிள்ளை நன்றாக மூச்சு விடுகிற பிள்ளையாக இருக்கலாம். இரண்டு இருமலுக்கு நடுவில், பிள்ளை அமைதியாக இருக்கும்போது, மூச்சை உள்ளே இழுக்கும் நேரத்தில் என்ன சத்தம் வருகிறது என்றுதான் நீங்கள் கேட்க வேண்டும். அழும்போதோ ஓடும்போதோ மட்டும் அந்தக் கீச்சுச் சத்தம் வந்து, அமைதியானவுடன் நின்றுவிட்டால் அது லேசான குரூப். சும்மா மடியில் இருக்கும்போதும் ஒவ்வொரு மூச்சுக்கும் அந்தச் சத்தம் கேட்டால் உடனே வைத்தியசாலைக்குப் போக வேண்டும். விடியட்டும் என்று இருக்கக் கூடாது.

கேட்ட பிறகு பாருங்கள். பிள்ளையின் மேற்சட்டையைக் கழற்றி, விளக்கைப் போட்டு, மூன்று இடங்களை அவதானியுங்கள். கழுத்தடியில், இரண்டு காறை எலும்பும் சந்திக்கும் குழி. விலா எலும்புகளின் இடைவெளி. விலாவுக்குக் கீழே வயிறு தொடங்கும் இடம். ஒவ்வொரு மூச்சுக்கும் இந்த இடங்களில் தோல் உள்ளே குழிந்து குழிந்து வந்தால், பிள்ளை மூச்சுக்காகப் பாடுபடுகிறது என்று அர்த்தம். எங்கள் ஆட்கள் பிள்ளைக்குக் குளிரும் என்று நாலைந்து உடுப்புக்குள் சுற்றி வைத்திருப்பார்கள். அந்த உடுப்புக்குள் இது தெரியவே தெரியாது. கழற்றிப் பார்க்க அரை நிமிடம் போதும்.

இன்னும் கடுமையான அறிகுறிகள் சில உண்டு. உதடோ நாக்கோ நீலம் பாய்வது, பிள்ளை சோர்ந்து கண்ணைச் செருகுவது, எழுப்பினாலும் சரியாகப் பார்க்காமல் இருப்பது, வாயில் எச்சில் வடிந்தும் விழுங்க முடியாமல் தாடையை முன்னே நீட்டி இருப்பது, மூச்சுக்காகப் பாடுபட்ட பிள்ளையின் சத்தம் திடீரென்று குறைந்து பிள்ளை அடங்கிப்போவது. கடைசியாகச் சொன்னதைச் சுகம் வந்துவிட்டது என்று எண்ணிவிடாதீர்கள், அது களைத்துப்போனதன் அறிகுறியாக இருக்கலாம். இவற்றில் எது தெரிந்தாலும் காரை எடுக்காதீர்கள், 911ஐ அழையுங்கள். ஆங்கிலம் வராது என்று தயங்க வேண்டாம். "தமிழ்" என்று சொன்னால் மொழிபெயர்ப்பாளரை இணைப்பார்கள். முதலில் உங்கள் விலாசத்தைச் சொல்லுங்கள். பேரப்பிள்ளையோடு தனியே இருக்கும் ஒவ்வொரு அம்மம்மாவுக்கும் வீட்டு விலாசம் ஆங்கிலத்தில் வாய்ப்பாடமாகத் தெரிந்திருக்க வேண்டும். பேஸ்மென்ற்றில் இருக்கிறவர்கள், எந்தப் பக்கக் கதவு என்பதையும் சேர்த்துச் சொல்லுங்கள்.

தடிமனே இல்லாமல், விளையாடிக்கொண்டிருந்த பிள்ளைக்குத் திடீரென்று மூச்சு இழுத்தால் அது குரூப்பாக இல்லாமலும் இருக்கலாம். கச்சானோ, கடலையோ, சின்ன விளையாட்டுச் சாமானோ தொண்டையில் சிக்கியிருக்கக்கூடும். அதற்கும் 911தான்.

போவதா இருப்பதா என்று தடுமாறுகிற நேரத்துக்கு 811 இருக்கிறது. ஒன்ராறியோவில் எந்த நேரமும் ஒரு தாதியோடு இலவசமாகக் கதைக்கலாம், மொழிபெயர்ப்பும் கேட்கலாம். அதற்கு முன் இன்னொன்று செய்யுங்கள். பிள்ளையின் இருமலையும் மூச்சுச் சத்தத்தையும் உங்கள் கைத்தொலைபேசியில் பதிந்து வையுங்கள். வழியில் குளிர் காற்றுப் பட்டு, வைத்தியசாலைக்கு வந்து சேரும்போது பிள்ளை சிரித்துக்கொண்டிருக்கும். "வீட்டில இப்படி இல்லை டொக்டர்" என்று பெற்றோர் வெட்கப்படுவார்கள். வெட்கப்பட ஒன்றும் இல்லை, குரூப் அப்படித்தான் ஏறி இறங்கும். அரை நிமிடப் பதிவு ஒன்று, வார்த்தையால் விளக்குவதைவிட அதிகம் சொல்லும்.

வைத்தியசாலையில் என்ன நடக்கும் என்பதையும் முன்கூட்டியே சொல்லிவிடுகிறேன். பெரும்பாலும் இரத்தம் எடுக்கமாட்டார்கள், எக்ஸ்றே எடுக்கமாட்டார்கள். குரூப்பைக் காதாலும் கண்ணாலும் கண்டுபிடிப்பதுதான் முறை. டெக்சாமெதசோன் என்ற மருந்தை ஒரே ஒரு தரம் வாயால் கொடுப்பார்கள். "இவ்வளவு நேரம் காத்திருந்தும் ஒரு சொட்டு மருந்துதான் தந்தவை" என்று மனம் நொந்து போகிறவர்களைப் பார்த்திருக்கிறேன். அந்த ஒரு சொட்டின் பின்னால் இந்த நகரத்தின் உழைப்பு இருக்கிறது. சிக் கிட்ஸில் ஓரளவு கடுமையான குரூப்போடு வந்த 144 பிள்ளைகளை வைத்துச் செய்த ஆய்வு 1998இல் வெளியானது. இந்த வகை மருந்து கிடைக்காத பிள்ளைகளில் 71 சதவீதம் பேரை வைத்தியசாலையில் அனுமதிக்க வேண்டியிருந்தது. டெக்சாமெதசோன் ஊசி போட்டவர்களில் அது 23 சதவீதம். பிறகு கனடாவின் பிள்ளைகள் வைத்தியசாலைகள் நான்கில், லேசான குரூப் வந்த 720 பிள்ளைகளுக்கு வாயால் கொடுத்துப் பார்த்தார்கள். அந்த முடிவு 2004இல் வந்தது. மருந்து குடித்தவர்களில் 7 சதவீதம் பேர்தான் திரும்பவும் வைத்தியரிடம் வர வேண்டியிருந்தது. குடிக்காதவர்களில் 15 சதவீதம். லேசான குரூப்புக்கும் அது பயன்படும் என்பதை உறுதியாகக் காட்டியது அந்த ஆய்வு.

அது ஸ்டீரொயிட் வகை என்று தெரிந்தவுடன் சில அப்பாமார் வேண்டாம் என்கிறார்கள். மாதக்கணக்கில் ஸ்டீரொயிட் எடுப்பதால் வரும் கெடுதிகளை ஊரில் கண்டிருக்கிறார்கள், அந்தப் பயம் நியாயமானது. ஆனால் இங்கே கொடுப்பது ஒரு வேளை மருந்து. அது வீக்கத்தை வற்றச்செய்கிறது. இரண்டு மணித்தியாலத்துக்குள் பலன் தெரியத் தொடங்கும், ஒரு நாளுக்கு மேல் உடம்பில் நின்று வேலை செய்யும். நோய் பெரும்பாலும் முதல் இரண்டு மூன்று இரவுகளில்தான் கடுமையாக இருக்கும் என்பதால் பெரும்பாலான பிள்ளைகளுக்கு அது போதும். மூச்சு மிகவும் இறுகியிருந்தால் எபிநெப்ரினைப் புகையாகக் கொடுப்பார்கள். அது சில நிமிடங்களில் வேலை செய்யும், இரண்டு மணித்தியாலத்தில் அதன் பலன் அடங்கும். அதனால்தான் பிள்ளை தேறிய பிறகும் உங்களைச் சில மணித்தியாலம் அங்கேயே இருக்கச் சொல்கிறார்கள். தயவுசெய்து இருங்கள். காலை வேலைக்கு நேரமாகிறது என்று இடையில் எழும்பிப் போகாதீர்கள்.

அங்கே இருக்கும்போது பிள்ளை தாயின் மடியிலோ தகப்பனின் தோளிலோ இருக்கட்டும். நாலு பேர் மாறி மாறித் தூக்க வேண்டாம். தொண்டைக்குள் கரண்டியை விட்டுப் பார்க்க வேண்டாம், நாங்களும் அதைச் செய்யாமல் இருக்கத்தான் பார்ப்போம். பிள்ளை அமைதியாக இருப்பதும் பாதி மருந்து.

அன்ரிபயோட்டிக் கேட்டு வாதாடாதீர்கள். வைரஸுக்கு அது வேலை செய்யாது. கடையில் விற்கிற இருமல் பாணியும் வேண்டாம். ஆறு வயதுக்குக் குறைந்த பிள்ளைகளுக்கு அவற்றைக் கொடுக்க வேண்டாம் என்று கனடிய சுகாதாரத் திணைக்களம் சொல்லி நீண்ட காலமாகிவிட்டது. ஒரு வயதுக்குள் தேன் நாக்கில் படவே கூடாது. இரண்டு வயதுக்குள் விக்ஸ் பூச வேண்டாம். காய்ச்சலுக்கு டைலனோல் போதும், நிறைக்கு ஏற்ற அளவில். மூன்று மாதத்துக்குக் குறைந்த குழந்தைக்குக் காய்ச்சல் வந்தால் மருந்து கொடுத்துவிட்டு வீட்டில் இருக்காமல் வைத்தியரிடம் காட்டுங்கள். தண்ணீரோ தாய்ப்பாலோ கொஞ்சம் கொஞ்சமாக, அடிக்கடி கொடுங்கள். அந்த இரண்டு மூன்று இரவும் பெரியவர் ஒருவர் பிள்ளையின் அறையிலேயே படுங்கள். குரூப் திரும்பத் திரும்ப வந்தாலோ, ஆறு மாதம் ஆகுமுன் வந்தாலோ, குடும்ப வைத்தியரிடம் சொல்லுங்கள். மூச்சுப்பாதையை ஒரு தரம் பார்க்க வேண்டியிருக்கலாம்.

வராமல் தடுக்க வழி உண்டா என்றால், பாராஇன்ஃபுளுவென்சாவுக்குத் தடுப்பூசி இல்லை. அதன் தோழர்களுக்கு உண்டு. ஆறு மாதம் முடிந்த பிள்ளைக்கு இலையுதிர் காலத்தில் ஃபுளூ ஊசி போடலாம். 2024 இலையுதிர் காலம் முதல் ஒன்ராறியோவில் குழந்தைகளுக்கு ஆர்எஸ்விக்கான காப்பு மருந்தும் இலவசம். 2022 நவம்பரை நினைத்துப் பாருங்கள். இந்த வைரஸ்கள் ஒன்றாக வந்து பிள்ளைகள் வைத்தியசாலைகள் நிரம்பி, சிக் கிட்ஸ் சத்திரசிகிச்சைகளைக் குறைக்க நேர்ந்தது. பிள்ளைகளின் காய்ச்சல் மருந்தைத் தேடி மருந்துக்கடை கடையாகக் குடும்பங்கள் அலைந்தன. அந்த நெருக்கடியில் எல்லாவற்றையும் நாங்கள் தடுத்திருக்க முடியாது, சிலவற்றைத் தடுத்திருக்கலாம்.

வீட்டுக்குள் செய்யக்கூடியதும் ஒன்று உண்டு, அது எங்கள் ஆட்களுக்குத்தான் கடினம். பிறந்தநாள், சாமத்திய வீடு, கலியாணம் என்று கூடினால் குழந்தை கைக்குக் கை மாறும், எல்லோரும் கொஞ்சுவார்கள். தடிமன் உள்ளவர் கொஞ்சாமல் தள்ளி நிற்பது அன்பில்லாமை அல்ல. "எனக்குத் தடிமன், இண்டைக்குத் தூக்கேல்லை" என்று சொல்லும் மாமாவும் சித்தியும்தான் அந்தப் பிள்ளைக்குப் பெரிய உதவி செய்கிறார்கள். அதைச் சொல்கிற தாயையும் யாரும் குறை சொல்லாதீர்கள்.

முடிக்குமுன் ஒரு வேண்டுகோள். இந்தக் கிழமைக்குள், பகலில், பிள்ளை சுகமாக இருக்கும்போது, வீட்டில் எல்லோரும் பத்து நிமிடம் ஒன்றாக இருந்து கதையுங்கள். இரவில் ஓடவேண்டி வந்தால் எந்த வைத்தியசாலை கிட்ட, யார் கார் ஓடுவது, யார் மூத்த பிள்ளையோடு வீட்டில் நிற்பது என்று முடிவெடுங்கள். கார் இருக்கையில் தடித்த குளிர்ச்சட்டையோடு பட்டி போடக் கூடாது, பட்டியைப் போட்டபின் மேலே போர்வையால் மூட வேண்டும் என்பதை ஒரு தரம் செய்து பாருங்கள். 911, 811 என்ற இரண்டு எண்களையும் வீட்டு விலாசத்தையும் தமிழிலும் ஆங்கிலத்திலும் எழுதிக் குளிர்சாதனப் பெட்டியில் ஒட்டுங்கள். அமைதியாகத் தூங்கும் பிள்ளையின் சட்டையை விலக்கி, சுகமான மூச்சு எப்படி இருக்கும், நெஞ்சு எப்படி எழும்பித் தாழும் என்று அம்மம்மாவும் அப்பாவும் ஒரு தரம் பார்த்து வையுங்கள். சுகமான மூச்சைத் தெரிந்தவருக்குத்தான் சுகமில்லாத மூச்சு உடனே தெரியும்.

குரூப் வரும் பிள்ளைகளில் மிகப் பெரும்பாலானவர்கள் சில நாட்களில் முழுச் சுகமாகிவிடுகிறார்கள். மிஞ்சிய சிலரையும் காப்பாற்ற மருந்து இருக்கிறது, அது இலகுவான மருந்து. பிள்ளையை நேரத்துக்குக் கொண்டுவாருங்கள். வந்து காட்டிய பின் ஒன்றுமில்லை என்று திரும்பிப் போக நேர்ந்தாலும் பரவாயில்லை, அதற்காக உங்களை நாங்கள் ஒருநாளும் குறைவாக எண்ணமாட்டோம்.

இப்படிக்கு,
உங்கள் பிள்ளைகளின் நலம் நாடும்,
ரொறன்ரோவில் பணிபுரியும் தமிழ்த் தாதி ஒருத்தி